வீட்டுக்கு முன்பே வந்த கதவு

இப்போது நான் மல்லாந்து படுத்துத் தூங்குகிறேன். கேட்பவர்களுக்கு இது ஒரு சேதியே அல்ல. ஆனால் சுனாமிக்கு மறுவருஷம் முழுக்க நான் உட்கார்ந்தபடி தூங்கியவன். முதுகுக்குப் பின்னால் தலையணைகள், தலையணைகளுக்குப் பின்னால் சுவர், சுவருக்குப் பின்னால் உப்பளக் காற்று. சாய்ந்தால் பாத்தி நிரம்புவதுபோல நெஞ்சுக்குள் தண்ணீர் ஏறும். எழுந்து உட்கார்ந்தால் மெல்ல வடியும். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, என்னைப் போலவே மூச்சு வாங்கிக்கொண்டு வந்து எதிரில் உட்காருகிறவர்கள் சிலர் கேட்கிறார்கள், பயமாக இருக்குமா, வலிக்குமா என்று. அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். நோயைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் கதவைச் சொல்லியாக வேண்டும்.

நான் மரக்காணத்தில் ஓர் உப்புக் கிடங்கில் எடைச்சீட்டு எழுதுகிறவன். பெயர் சூசை. சும்மா இருக்கத் தெரியாத மனசு. லாரி வராத நேரங்களில் சீட்டுகளின் பின்பக்கத்தில், வசனமும் ஆகாமல் கவிதையும் ஆகாமல் எதையாவது எழுதிக்கொண்டிருப்பேன். ஒருநாள் புதுச்சேரியில் ஒரு பழைய வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். சுவர்கள் விழுந்து புழுதி அடங்கிய பிறகும் அதன் வாசற்கதவு மட்டும் நிலையோடு நின்றுகொண்டிருந்தது. தேக்கு. இரட்டைக் கதவு. மேலேறும் கொடிகளும் இலைகளும் செதுக்கிய பலகை, பித்தளைக் குமிழ்கள், உள்ளங்கை நீளத்துக்கு ஒரு பித்தளைச் சாவி. வீடு கட்டச் சேர்த்திருந்ததில் பெரும்பகுதியைக் கொடுத்து அதை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் மனையில் அப்போது கடைக்கால் மட்டுமே போட்டிருந்தது. அதன்மேல் நிலையை நிறுத்தி, இருபுறமும் சவுக்குக் கழி முட்டுக் கொடுத்து, கதவை மாட்டினேன். சுவர் கிடையாது. கூரை கிடையாது. வெட்டவெளியில் ஒரு கதவு. ஆடுகள் அதைச் சுற்றிக்கொண்டு போகும். நான் மட்டும் சாயங்காலம் வேலை முடிந்து வந்து, சாவி போட்டுத் திறந்து, உள்ளே நுழைந்து, மறுபடி சாத்திவிட்டு, வானத்துக்குக் கீழே உட்கார்ந்துகொள்வேன்.

"ஏம்பா சூச, தட்டிட்டு வரணுமா, அப்பிடியே வரலாமா?" என்று சைக்கிளில் போகிறவர்கள் கேட்பார்கள்.

என் மனைவி தெரசா அந்தக் கதவு வழியாக ஒருதரம்கூட நுழைந்ததில்லை. பக்கவாட்டில் வந்து டீயை வைத்துவிட்டுப் போவாள்.

அந்தக் கதவில் சாய்ந்து நின்றபோதுதான் முதல்முறை மூச்சு நின்றது. நின்றது என்றால் போய்விடவில்லை; உள்ளே வர இடமில்லாமல் வாசலில் நின்றது. நெஞ்சு குதிரைபோல ஓடியது. இருமியதில் கைக்குட்டை இளஞ்சிவப்பாக நனைந்தது. தெரசா அதை வாங்கிப் பார்த்தாள். புடவை மாற்றப் போனாள். அடுத்த பஸ்ஸில் நாங்கள் புதுச்சேரி போய்க்கொண்டிருந்தோம். ஜன்னலோரம் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்கள் பின்னால் நகர்ந்தன. செத்துப்போனால் இப்படித்தான் இருக்கும் போல, எல்லாம் வெளிச்சமாக, எதையும் நிறுத்த முடியாமல், என்று நினைத்துக்கொண்டேன்.

எக்கோ எடுத்தார்கள். ஒன்றும் பயப்பட வேண்டாம். சட்டையைக் கழற்றி ஒருக்களித்துப் படுக்க வைத்து, நெஞ்சில் குளிர்ந்த பசையைத் தடவி, சின்ன உருளை ஒன்றை வைத்து அழுத்துவார்கள். திரையில் நம்முடைய இதயமே தெரியும். கறுப்பு வெள்ளையில், மழை நாள் கடல்போல. அதற்குள் ஏதோ ஒன்று இமைபோலத் திறந்து மூடியது. சரியாகத் திறக்காத இமை.

டாக்டரம்மா பொறுமைசாலி. காகிதத்தில் படம் போட்டுச் சொன்னார். "இதயத்துக்குள்ள நாலு அறை. அறைக்கும் அறைக்கும் நடுவுல ரத்தம் ஒரே பக்கமா போறதுக்குக் கதவு மாதிரி ஒண்ணு இருக்குது. அதுதான் வால்வு. சின்ன வயசுல தொண்டைப் புண்ணு, ஜுரம், மூட்டு வீக்கம்னு வந்திருக்கும். அப்ப உங்க வால்வுல தழும்பு விழுந்துடுச்சு. ரெண்டு பலகையும் ஓரத்துல ஒட்டிக்கினு இருக்குது. ரத்தம் முன்னால போக வழியில்லாம நுரையீரல்ல தேங்குது. அதான் படுக்க முடியல."

"கதவா?" என்றேன்.

"கதவுதான். ரெட்டைக் கதவு."

தெரசா என்னைப் பார்த்தாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு முகம். "வீட்லயும் அதான், உள்ளயும் அதானா?" என்றாள். டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை.

நெஞ்சைத் திறக்காமலே சரி செய்யலாம் என்றார்கள். தொடை ரத்தக் குழாய் வழியாக மெல்லிய கம்பியை இதயம்வரை அனுப்பி, ஒட்டிக்கொண்ட வால்வுக்கு நடுவில் ஒரு சின்ன பலூனை வைத்து ஊதுவார்கள். ஒட்டு விடும். ஆஸ்பத்திரியில் படுக்கைக்குக் காசு கேட்பதில்லை. பலூனை மட்டும் நாம் வாங்கித் தர வேண்டும். அந்த பலூனின் விலையைக் கேட்ட பிறகு, திருவிழாவில் பலூன் விற்கிறவனை நான் வேறு மரியாதையோடு பார்க்கிறேன்.

மச்சான் அருள், தெரசாவின் தம்பி, வார்டுக்கே ஓடி வந்தான். குயிலாப்பாளையத்தில் விருந்தினர் விடுதி நடத்துகிற ஒருவர் என் கதவைக் கேட்கிறாராம். "மாமா, நல்ல வெலை. பலூனும் ஆச்சு, மிச்சத்துல செவுரும் எழுப்பிடலாம். உம்னு ஒரு வார்த்த சொல்லு."

நான் தலையை ஆட்டினேன். முடியாது என்று.

"உசுரு போவுது மாமா!"

"போனா கதவு இருக்கும் இல்ல? அது வழியா எடுத்துக்கினு போங்க."

சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. அருள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். தெரசா சாப்பாட்டுக் கேரியரை மூடினாள். அன்று அவள் கேரியரை மூடிய சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. பலூனுக்கு அவளுடைய மகளிர் குழுவில் கடன் எடுத்தாள். கிடங்கு முதலாளி கொஞ்சம் கொடுத்தார். கதவைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

வார்டில் பக்கத்துக் கட்டில் மாணிக்கம். எங்கள் கரையில் மீன்பிடிக்கிறவர், அம்பது தாண்டியவர். ரத்தக் குழாயில் அடைப்பு. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று வீடு, படகு, வலை எல்லாம் போய், உடுத்திய துணியோடு மிஞ்சியவர்கள் அவரும் அவர் மனைவி கன்னியம்மாவும். பிறகு நிவாரணத்தில் ஒரு புது வலை கிடைத்திருந்தது. அந்த வலையைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரல் தணிந்துவிடும், தூங்குகிற குழந்தையைப் பற்றிப் பேசுவதுபோல. "நைலான் வாத்யாரே. பச்சக் கலரு. கைல புடிச்சா தண்ணி மாரி வழுக்கும்."

நான் வாத்தியார் இல்லை. காகிதமும் பேனாவும் வைத்திருந்ததால் அப்படிக் கூப்பிட்டார்.

ஒருநாள் மதியம் தெரசா வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். தலையில் முக்காடு. கோயிலிலிருந்து நேரே பஸ் ஏறியிருக்கிறாள்.

"உங்கள வித்துட்டேன்" என்றாள்.

எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. பிழைக்குமா என்று சந்தேகமான உயிரைப் புனிதருக்கு விற்றுவிடுவார்கள். கரையோரம் அந்தோணியார் குருசடி இருக்கிறது. சிலுவையும் அந்தோணியார் சிலையும் மட்டும் உள்ள சின்னஞ்சிறு கோயில். அங்கே போய், இது இனி எங்களுடையதில்லை, உம்முடையது, என்று சொல்லி ஒரு கை உப்பை விலையாக வாங்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். பிழைத்து எழுந்தால் ஒரு செவ்வாய்க்கிழமை ஜெபம் முடிந்ததும் அந்த ஆளை ஏலத்தில் நிறுத்துவார்கள். சொந்தக்காரர்கள் ஏலம் எடுத்து வீட்டுக்குக் கூட்டிப்போவார்கள். காசு கேட்பதில்லை, பொருள்தான்: சேவல், தேங்காய், உப்பு. சொந்தக்காரர் கேட்ட பிறகு வேறு யாரும் மேலே கேட்க மாட்டார்கள். அது மரியாதை. பெரும்பாலும் குழந்தைகளைத்தான் விற்பார்கள். நரைத்த தலையை விற்றது தெரசாதான்.

"சூச சார வாங்க அந்தோணியார் ஒத்துக்கினாரா?" என்றார் மாணிக்கம் அடுத்த கட்டிலிலிருந்து.

"யோசிச்சாரு. நல்ல நாள்லயே இவரு சொன்ன பேச்ச கேக்க மாட்டாருன்னு சொன்னேன். சரி வுட்டுட்டுப் போன்னுட்டாரு." முக்காட்டின் நுனியில் முடிந்திருந்த உப்பை அவிழ்த்துக் காட்டினாள். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "இனிமே உங்களுக்குன்னு ஒண்ணும் கெடையாது. தெரியுமில்ல? சாமிக்கு வுட்ட ஆடு எங்கனா பட்டா வாங்குமா?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். அவள் போன பிறகு அந்த வாக்கியம் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தது.

அதற்குப் பிறகான நாட்களை நான் தேதியாக நினைவு வைத்திருக்கவில்லை; வெளிச்சமாக நினைவு வைத்திருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம். காலையில் அதன் நிழல் என் கால்மாட்டில் ஏறும். மதியம் தரையில் இறங்கி, செருப்புகளுக்கு நடுவே நடந்து, மாணிக்கத்தின் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். ரத்தம் எடுத்தார்கள். தொண்டை வழியாக ஒரு குழாயை விழுங்கவைத்து, இதயத்துக்குள் ரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்த்தார்கள். விழுங்கும்போது குமட்டும், மூக்கால் மூச்சு விட்டால் சமாளிக்கலாம். கட்டி இல்லை. காத்திருக்கும் கூடங்களில் எல்லோருமே மடியில் ஒரு கட்டைப்பையை வைத்துக்கொண்டிருப்பார்கள். ஃபிளாஸ்க், போர்வை, எக்ஸ்ரே, இரண்டு ஆரஞ்சு. ஒரு மனிதன் தன் வாழ்வின் இந்தப் பக்கத்தில் எடுத்துக்கொண்டு வருவது அவ்வளவுதான்.

கதவை நினைத்துப் பார்ப்பேன். வழக்கமாக அதை நினைத்தால் நெஞ்சில் ஓர் இறுக்கம் வரும்: மழை பட்டால் என்ன ஆகும், கறையான் ஏறினால், யாராவது குமிழைக் கழற்றிக்கொண்டு போனால். இப்போது அது யாருடைய கதவோ போலத் தூரத்தில் நின்றது. அழகாகத்தான் இருந்தது. உப்பு வெளியில், மாலை வெயிலில், ஆடுகள் சுற்றிப் போகும் ஒரு கதவு. எனக்கும் அதற்கும் நடுவில் கயிறு இல்லை. நான் வேறொருவருடைய சரக்கு. என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டியவர் அவர். ஜெபமாலையை உருட்ட வலுவில்லாமல் கையில் வைத்துக்கொண்டு மட்டும் கிடப்பேன். அதுவே ஜெபம்போல இருந்தது.

பயம் போய்விட்டதா என்றால், இல்லை. தள்ளுவண்டியில் படுக்கவைத்துக் கொண்டுபோனபோது பற்கள் அடித்துக்கொண்டன. மாணிக்கம் எட்டி என் கட்டைவிரலைப் பிடித்து ஆட்டினார். "போய்ட்டு வா வாத்யாரே. வந்து கத சொல்லு."

மயக்கம் தரமாட்டார்கள், தொடையில் மட்டும் மரத்துப்போக ஊசி. குளிரான அறை. மேலே பெரிய திரையில் என் இதயம் கிளையில்லாத நிழலாக அசைந்துகொண்டிருந்தது. கம்பி போவது தெரியாது. பலூன் ஊதும் நொடியில் மட்டும் எல்லாம் நின்றது. ஒரு நொடிதான். மணி அடித்து நிறுத்தியதுபோல. பிறகு உள்ளே எங்கோ ஒரு கதவு விரியத் திறந்தது. கவிதைக்காகச் சொல்லவில்லை. நெஞ்சு முழுக்கக் காற்று வந்தது. இத்தனை வருஷமாக ஜன்னலிடுக்கு வழியாக உள்ளே வந்துகொண்டிருந்த கடற்காற்று, வாசல் வழியாக, செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்தது.

"இன்னா, அழுவுறீங்களா? வலிக்குதா?" என்றார் நர்ஸம்மா.

"காத்து" என்றேன்.

வார்டுக்குக் கொண்டுவந்து, ரத்தம் கசியாமலிருக்கத் தொடைமேல் மணல்மூட்டை வைத்து, காலை மடக்காமல் மல்லாந்து படுக்கச் சொன்னார்கள். மல்லாந்து! தெரசா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், நான் எழுந்து உட்காரப் போகிறேன் என்று. நான் எழவில்லை. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அதுவரை அதை நேராகப் பார்த்ததே இல்லை. பிறகு தூங்கிவிட்டேனாம். அவள் தலையணைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம்.

"உப்பு மூட்டயா அது, உங்க கெடங்கு சரக்கா?" என்று மாணிக்கம் மணல்மூட்டையைக் காட்டிக் கேட்டது மட்டும் கனவுக்குள் கேட்டது.

அவரை எனக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பினார்கள். பாரம் இழுக்கக் கூடாது, மாத்திரை விடக் கூடாது என்று. "ஏலத்துக்குச் சொல்லியனுப்பு வாத்யாரே, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை குருசடியில் காற்று பலமாக இருந்தது. கடல் வந்த அன்று குருசடியின் கதவையும் கொண்டுபோயிருந்தது. வாசலில் ஒரு சாக்குப் படுதா தொங்கிப் படபடத்தது. ஜெபம் முடிந்ததும் உபதேசியார் என்னை ஒரு முக்காலியில் ஏற்றி நிறுத்தினார். பங்குச் சாமியார் வராத நாட்களில் ஜெபம் நடத்துகிறவர் அவர். ஏலம் போடுகிறவரும் அவரே. நல்ல குரல்.

"அந்தோணியார் சரக்கு! ஆம்பள. கொஞ்சம் பழசு. உள்ள புதுசா ரிப்பேர் பாத்தது. யாரு கேக்குறீங்க?"

சிரிப்பு. நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன்.

"சரக்கு பேசக் கூடாது" என்றார் உபதேசியார்.

தெரசா முன்னால் வந்தாள். "ஒரு மூட்ட உப்பு, ஒரு சேவல்."

"ஒரு மூட்ட உப்பு, ஒரு சேவல்... ஒரு தரம்..."

"ரெண்டு கூடை நண்டு!"

எல்லோரும் திரும்பினார்கள். மாணிக்கம். வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி. பக்கத்தில் கன்னியம்மா. அவர்கள் அம்மன் கோயிலில் ஏலப் பொருளை ஏற்றி ஏற்றிக் கேட்பதுதான் சாமிக்கும் பொருளுக்கும் மரியாதை. ஒரே ஏலக் கேள்வியில் விட்டால் அவமானம். என்னை அவமானப்பட விடக் கூடாது என்று வந்திருக்கிறார் மனிதர்.

உபதேசியார் குழம்பிப்போனார். இந்தக் குருசடியில் இதுவரை யாரும் மேலே கேட்டதில்லை. கேட்டதைக் கேட்கவில்லை என்று சொல்லவும் வழியில்லை. புனிதரின் பெயரால் ஏலத்தில் கேட்டதைத் திரும்பப் பெற முடியாது.

"மூணு மூட்ட" என்றாள் தெரசா, அவசரமாக. "ரெண்டு சேவல்."

மாணிக்கம் மகிழ்ந்துபோனார். வேட்டியை மடித்துக் கட்டினார். "நம்ம வாத்யாரு மூணு மூட்டதானா? என் வல! புது வல!"

"யோவ்!" கன்னியம்மா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "இன்னாய்யா பேசற? வலயா?"

"இருடி. மனுசன் செத்துப் பொழச்சு வந்து நிக்கிறாரு."

சிரிப்பு அடங்கிவிட்டது. படுதா மட்டும் அடித்துக்கொண்டது. கன்னியம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர்களிடம் இருந்தது அந்தப் பச்சை வலை ஒன்றுதான். அதை மருமகன் படகில் கொடுத்து, வருகிற பங்கில்தான் மாத்திரை, சோறு எல்லாம். உபதேசியாரின் வாய் "ஒரு தரம்" என்று சொல்லத் தயங்கித் திறந்தபடி இருந்தது. சொன்னால் வலை போய்விடும். வலைக்கு மேலே எதைக் கேட்டால் மாணிக்கம் நிறுத்துவார்?

தெரசா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பார்வை மட்டும். அவள் கேட்கவில்லை, கேரியரை மூடிய அன்றிலிருந்தே அவள் அதைப் பற்றிக் கேட்பதில்லை.

முக்காலியின் மேலிருந்து கடல் தெரிந்தது. அந்த நிமிஷம் வரை நான் இன்னும் புனிதருடைய சரக்குதான். எனக்கென்று ஒன்றும் இல்லை. ஏலம் முடிந்து இறங்கிய பிறகுதான் கதவு மறுபடி என்னுடையதாகும். அந்தப் பழைய இறுக்கமும். எக்கோ திரையில் திறந்து மூடிய அந்த இமையை நினைத்தேன். பேசக் கூடாது அல்லவா. கண்களை மூடித் திறந்தேன்.

"கதவு" என்றாள் தெரசா. "தேக்குக் கதவு. நெலையோட."

மாணிக்கம் என்னைப் பார்த்தார், தெரசாவைப் பார்த்தார். வார்டில் அந்தக் கதவின் கதையை எத்தனை மதியங்கள் கேட்டவர். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். மெல்ல வேட்டியை இறக்கிவிட்டார்.

"கதவுக்கு மேல எங்கிட்ட இன்னா இருக்குது தாயி. நீயே இட்டுக்கினு போ."

"ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!" உபதேசியார் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். கன்னியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இந்த ஆள வச்சிக்கினு" என்று சொல்லி, யாரைப் பார்த்தென்று இல்லாமல் சிரித்தாள்.

கதவு குருசடியைவிடப் பெரியது. மேஸ்திரி வந்து அளந்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். கடைசியில் வாசற்சுவரை இடித்து, கதவுக்கேற்ற உயரத்துக்கு எழுப்பினார்கள். இப்போது கடற்கரைச் சாலையிலிருந்து பார்த்தால் கதவுதான் கோயில்போலத் தெரியும். பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறது ஒரு சின்ன அறை. அருள் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. குழுக் கடன் மாதாமாதம் கழிகிறது. எங்கள் வீட்டுக்கு ஹாலோபிளாக் சுவர் எழும்பிவிட்டது. வாசலில் தெரசாவின் நீலப் புடவை ஒன்று தொங்குகிறது. அவள் அதை ஒதுக்கிக்கொண்டு முன்வாசல் வழியாகத்தான் வந்து போகிறாள்.

சாவி மட்டும் என் சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது. கொடுக்கப் போனபோது உபதேசியார் கேட்டார், "அந்தோணியார் யாரப் பாத்துப்பா பூட்டப் போறாரு?"

மாணிக்கம் இப்போது பெரிய கடலுக்குப் போவதில்லை. கழிமுகப் பாலத்துக்கடியில் உட்கார்ந்து தூண்டில் போடுகிறார். ஒரு சாயங்காலம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கயிற்றுக்குக் கனம் போதவில்லை, நீரோட்டம் இழுக்கிறது என்று சலித்துக்கொண்டார். சாவியை எடுத்துக் கொடுத்தேன். உள்ளங்கையில் போட்டு நிறுத்துப் பார்த்தார்.

"நல்ல கனம் வாத்யாரே. எந்த ஊட்டு சாவி?"

"தெரியல" என்றேன்.

கயிற்றில் கட்டி வீசினார். பித்தளை ஒருமுறை வெயிலில் மினுங்கி, சத்தமில்லாமல் உள்ளே போயிற்று. தினமும் அது அப்படித் தண்ணீருக்குள் போய், ஏதாவது ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டு, சில நாள் ஒரு கெளுத்தியோடு திரும்பி வருகிறது.